பெயர் சொல்லாத கொடையாளியும் 24 பக்கங்களும்: ஸ்பைடர்மேனின் முதல் இதழ் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது

2008ஆம் ஆண்டில், தம் பெயர் வெளியே தெரிவதை விரும்பாத ஒருவர், ‘அமேசிங் ஃபேண்டஸி’ என்ற அமெரிக்கக் காமிக்ஸின் 15ஆம் இதழுக்காக ஓவியர் ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 மூலப் பக்கங்களை வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு நன்கொடையாக வழங்கினார். ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தோன்றிய இதழ் அதுதான். ஆற்றல் கையில் வந்தவன் அதற்குரிய பொறுப்பையும் ஏற்றாக வேண்டும் என்ற கருத்தை மையமாகக் கொண்ட அந்தக் கதையின் மூலப் பக்கங்களை வைத்திருந்தவர், அவற்றை என்ன செய்வது என்று எடுத்த முடிவும், பெற்றுக்கொண்ட நூலகத்தின் நிலையும், அதற்குப் பின் நிகழ்ந்தவையும் இங்கே பதிவு செய்யப்படுகின்றன. காமிக்ஸ், விளம்பர ஓவியம், திரைப்படச் சுவரொட்டி போன்ற வெகுமக்கள் கலையின் மூலப் பிரதிகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கும், அவற்றைப் பெற்றுப் பாதுகாக்கும் நிறுவனங்களுக்கும் இந்நிகழ்வு பயன்படக்கூடும்.

1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் மூலம் ‘ஸ்பைடர்’ என்ற பெயரைத் தமிழில் அறிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பிரிட்டனில் உருவான, குற்றவாளியாகத் தொடங்கிப் பின்னர் திருந்திய வேறொரு பாத்திரம். இங்கே பேசப்படுவது அவரைப் பற்றியன்று.

பின்னணி: 1962ஆம் ஆண்டின் இதழ்

மார்ட்டின் குட்மேன் நியூயார்க்கில் நடத்திவந்த, பின்னர் மார்வெல் என்று பெயர்பெற்ற பதிப்பகம், 1961இல் ‘அமேசிங் அட்வென்ச்சர்ஸ்’ என்ற இதழைத் தொடங்கி, ஆறு இதழ்களுக்குப் பின் அதன் பெயரை ‘அமேசிங் அடல்ட் ஃபேண்டஸி’ என்று மாற்றியது. விசித்திரக் குறுங்கதைகளை வெளியிட்ட அந்த இதழ் எதிர்பார்த்த விற்பனையைப் பெறவில்லை. 15ஆம் எண்ணில் பெயர் மறுபடியும் சுருங்கி ‘அமேசிங் ஃபேண்டஸி’ ஆனது. அத்துடன் இதழே நின்றும் போனது. 1962 ஆகஸ்ட் என்று தேதியிட்டு, 12 சென்ட் விலையில் வந்த அந்தக் கடைசி இதழில்தான் எழுத்தாளரும் பதிப்பாசிரியருமான ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனை அறிமுகப்படுத்தினார்கள். நின்றுபோகும் இதழ் என்பதால் புதிதாக எதையாவது முயன்று பார்ப்பதில் பெரிய இழப்பு இல்லை என்ற எண்ணம் அதற்கு இடம் கொடுத்தது என்று லீ பிற்காலத்தில் சொல்லிவந்தார். 1963 மார்ச் மாதத் தேதியோடு ஸ்பைடர்மேனுக்கென்றே தனி இதழ் தொடங்கியது.

கதை 11 பக்கம் மட்டுமே. கதிரியக்கத்துக்கு உள்ளான சிலந்தி கடித்ததால் அசாதாரண ஆற்றல் பெறும் பீட்டர் பார்க்கர் என்ற பள்ளி மாணவன், அதை முதலில் பணத்துக்கும் புகழுக்கும் பயன்படுத்துகிறான். தொலைக்காட்சி நிலையத்தில் தன்னைக் கடந்து ஓடும் திருடனைத் தடுக்க முடிந்தும் தடுக்காமல் விடுகிறான். அதே திருடன் பின்னர் அவனை வளர்த்த மாமா பென்னைச் சுட்டுக் கொல்கிறான். ஆற்றலோடு பொறுப்பும் சேர்ந்தே வர வேண்டும் என்ற வாசகம் கதையின் கடைசிப் படக்கட்டத்தில் வருகிறது. அதைச் சொல்பவர் மாமா பென் என்றே இன்று பலரும் நினைக்கிறார்கள். 1962இன் இதழில் அது கதைசொல்லியின் குரலில்தான் இருக்கிறது. பிற்காலக் கதைகளும் திரைப்படங்களுமே அதை மாமாவின் வாயில் வைத்தன. இந்த வேறுபாடு சிறியதன்று. மூலத்தில் யாரும் அவனுக்கு முன்கூட்டி அறிவுரை சொல்லவில்லை; செய்யாமல் விட்ட செயலின் விளைவைக் கண்டு அவனாகவே அந்த இடத்துக்கு வந்து சேருகிறான்.

இதழின் மீதி 13 பக்கங்களில் டிட்கோவே வரைந்த மூன்று குறுங்கதைகள் இருக்கின்றன: எரிமலை வெடிக்கும் தீவை விட்டு எல்லோரும் வெளியேறிய பிறகும் தேவாலய மணியடிக்கும் வேலையைக் கைவிட மறுக்கும் முதியவரின் கதை, பதப்படுத்திய சடலத்தின் பேழைக்குள் ஒளியப் போகும் குற்றவாளியின் கதை, மனிதரிடையே மறைந்து வாழும் செவ்வாய்க் கிரகவாசிகளின் கதை. இவற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் இந்நிகழ்வில் அவற்றுக்கும் முக்கிய இடமுண்டு.

மூலப் பக்கங்களின் நிலை

அக்காலத்தில் அமெரிக்கக் காமிக்ஸ் பக்கங்கள் அச்சில் வரும் அளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பெரிய அட்டையில் கறுப்பு மையால் வரையப்பட்டன. வண்ணம் மூலப் பக்கத்தில் இருக்காது. அதற்கான குறிப்புகள் தனியே தயாரிக்கப்பட்டு அச்சகத்துக்குப் போகும். பக்கத்தைப் படம் பிடித்து அச்சுத்தகடு செய்து முடிந்ததும் அட்டையின் வேலை முடிந்துவிட்டதாகவே பதிப்பாளர்கள் கருதினார்கள். வரைந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. சில கிடங்கில் முடங்கின, சில பரிசாகக் கைமாறின, சில அழிந்தன, பல களவும் போயின.

1970களின் நடுப்பகுதியில்தான் மார்வெல் நிறுவனம் புதிதாக வரையப்படும் பக்கங்களை ஓவியர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கியது. பழைய பக்கங்களைத் திருப்பும் பேச்சு 1984இல் எழுந்தபோது, மார்வெலின் முக்கிய நாயகர்கள் பலரை உருவாக்குவதில் பங்குகொண்ட ஜாக் கிர்பியிடம் மட்டும் மற்ற ஓவியர்களுக்குக் கொடுத்ததைவிட நீண்ட, கடுமையான நிபந்தனைகள் கொண்ட பத்திரத்தில் கையெழுத்து கேட்கப்பட்டது. சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் வெளிப்படையாகக் கண்டித்த பிறகு, 1987இல் அவருக்கு ஏறக்குறைய 1,900 பக்கங்கள் திரும்பி வந்தன. அவர் அந்நிறுவனத்துக்கு வரைந்தவை அதைப்போலப் பல மடங்கு.

இந்தப் பின்னணியில் 1960களின் மார்வெல் மூலப் பக்கம் எதை எடுத்துக்கொண்டாலும் இரண்டு கேள்விகள் அதோடு ஒட்டியே வருகின்றன. இந்த அட்டை யாருடைய உடைமை என்பது ஒன்று. அது நிறுவனத்தின் கையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பது மற்றொன்று. பதிப்புரிமை இவற்றிலிருந்து வேறான விஷயம். காகிதத்தை வைத்திருப்பவருக்கு அதிலுள்ள படத்தை மறுபதிப்புச் செய்யும் உரிமை அதனாலேயே வந்துவிடாது என்பதை அமெரிக்கச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது.

கொடையாளியின் முன் இருந்த வழிகள்

கொடையாளி தம் காரணங்களைப் பொதுவெளியில் விளக்கவில்லை. ஆனாலும் அவருக்கு என்னென்ன வழிகள் இருந்தன என்பதை அக்காலச் சந்தையின் நிலையைக் கொண்டு வரிசைப்படுத்த முடியும். அவர் தேர்ந்ததன் எடையும் அப்போதுதான் விளங்கும்.

முதல் வழி, பக்கங்களைத் தனித்தனியாக விற்பது. மூல ஓவியச் சந்தையில் மிகுந்த பணம் தருவது இதுவே. சிலந்தி கடிக்கும் பக்கம், உடை அணிந்து முதன்முதலாகத் தோன்றும் பக்கம், கடைசி வாசகம் உள்ள பக்கம் ஆகியவற்றுக்குச் செல்வர்கள் போட்டியிடுவார்கள். அப்படி விற்றிருந்தால் கதை 11 வீடுகளுக்குச் சிதறியிருக்கும். மணியடிக்கும் முதியவரின் பக்கங்கள் எங்கே போயின என்று யாரும் கவலைப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது வழி, மொத்தமாக ஒரே சேகரிப்பாளருக்கு விற்பது. இதில் தொகுப்பு சிதையாது; ஆனால் அது அடுத்த தலைமுறை வாரிசுகளின் விருப்பத்துக்கு விடப்படும். மூன்றாவது, வரைந்தவரிடமே திருப்பிக் கொடுப்பது. டிட்கோ 2008இல் நியூயார்க்கில் உயிரோடு இருந்தார். 1966இல் மார்வெலை விட்டு விலகியவர், பேட்டிகளைத் தவிர்த்து, தம் ஓவியங்களும் கட்டுரைகளுமே தமக்காகப் பேசட்டும் என்று வாழ்ந்தவர். அறத்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்த மூன்றாவது வழிக்கு வலுவான வாதம் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நான்காவது, எதுவும் செய்யாமல் வைத்திருப்பது. பெரும்பாலான சேகரிப்புகள் இப்படித்தான் முடிகின்றன.

அவர் இவற்றில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. பிரிக்காமல், விலை பெறாமல், பெயரின்றி, பொது நிறுவனத்துக்குக் கொடுத்தார்.

நூலகம் ஏன்?

காங்கிரஸ் நூலகம் 1800இல் நிறுவப்பட்டது. பதிப்புரிமைப் பதிவுக்காக வந்து சேரும் பிரதிகள் வழியாக அச்சிட்ட காமிக்ஸ் இதழ்களின் மிகப் பெரிய சேகரிப்பு அங்கே உருவாகியிருக்கிறது. அச்சிட்ட இதழ்கள் பருவ இதழ்ப் பிரிவிலும், கேலிச்சித்திரங்கள், சித்திரக்கதைகள் போன்றவற்றின் மூல ஓவியங்கள் அச்சோவிய, ஒளிப்படப் பிரிவிலும் பாதுகாக்கப்படுகின்றன. கேலிச்சித்திரக் கலையை ஆராய்வதற்கான ஸ்வான் அறக்கட்டளையை நிர்வகித்து வந்த அந்த நூலகத்துக்கு, காமிக்ஸ் பக்கத்தைக் கலைப்பொருளாகக் கையாளும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது.

தனியார் அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுத்திருந்தால் கண்காட்சி வாய்ப்பு கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் நிதி நெருக்கடி வந்தால் தனியார் நிறுவனம் தன் சேகரிப்பை விற்கக்கூடும். தேசிய நூலகத்தில் அந்த ஆபத்து மிகக் குறைவு. கறுப்பு மை, பென்சில், வெள்ளைப் பூச்சு, அட்டை என்று வெவ்வேறு விதமாக மூப்படையும் பொருள்கள் ஒரே தாளில் சேர்ந்திருக்கும்போது ஒளியும் ஈரமும் கட்டுக்குள் இருந்தாக வேண்டும்; அந்த வசதியும் அங்கே இருந்தது. எனவே இடத்தேர்வில் குறை சொல்ல ஏதுமில்லை என்பதே இந்த ஆய்வின் கருத்து.

பக்கங்களில் காணப்பட்டவை

கொடை அறிவிக்கப்பட்டதும் ஆய்வாளர்கள் நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அச்சில் வந்த இதழை எத்தனை முறை புரட்டினாலும் தெரியாதவை மூலத்தில் தெரிகின்றன: மைக்கு அடியில் எஞ்சிய பென்சில் கோடுகள், வெள்ளைப் பூச்சால் திருத்திய இடங்கள், ஓரத்தில் எழுதிய குறிப்புகள்.

அந்தக் குறிப்புகளில் ஒன்று பலருடைய கவனத்தையும் ஈர்த்தது. ஆற்றல் பெற்ற பீட்டர் சாலையில் காரில் அடிபடாமல் தப்பிக்கும் காட்சியில், காரை மூடிய வண்டியாகக் காட்டும்படியும், தாறுமாறாக ஓட்டுவது போன்ற எண்ணம் வராமல் பார்த்துக்கொள்ளும்படியும் பதிப்பாசிரியர் ஓவியருக்குச் சொல்லியிருக்கிறார். 1954இல் ஏற்பட்ட காமிக்ஸ் தணிக்கை அமைப்பின் முத்திரை இல்லாமல் கடைகளில் இதழ் விற்பது கடினமாக இருந்த காலம் அது. பொறுப்பைப் பற்றிய கதையை அச்சுக்கு அனுப்புகிறவர், பின்னணியில் போகும் ஒரு கார் இளைஞர்களுக்குத் தவறான பாடம் சொல்லிவிடக் கூடாதே என்று பார்த்திருக்கிறார். கொஞ்சம் வேடிக்கையாகவும் இருக்கிறது. அன்றைய தொழிலின் அன்றாடக் கவலை என்ன என்பதையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அரிது.

வேடிக்கைக்கு அப்பால் இதற்கு வேறு மதிப்பும் உண்டு. மார்வெலில் அப்போது பின்பற்றிய முறையில் லீ கதைச் சுருக்கத்தைக் கொடுப்பார். ஓவியர் அதைக் காட்சிகளாகப் பிரித்து வரைவார். பின்னர் லீ பலூன்களுக்கான உரையாடலை எழுதுவார். இதனால் ஒரு கதையில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது தீராத வழக்காகவே இருந்துவருகிறது. ஸ்பைடர்மேனின் உடையும் தோற்றமும் டிட்கோவுடையவை. முதலில் கிர்பியிடம் கொடுத்த வடிவம் கைவிடப்பட்ட பிறகே வேலை தம்மிடம் வந்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். முன்னட்டையில் டிட்கோ வரைந்தது ஏற்கப்படாமல், கிர்பி வரைந்து டிட்கோ மை தீட்டிய ஓவியம் வெளிவந்தது. இப்படிப்பட்ட வாதங்களில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய நினைவுகளைவிட 1962இன் பென்சில் கோடு நம்பத்தக்கது. பக்கங்கள் ஒரே இடத்தில் இருப்பதால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திருத்தங்களின் போக்கைத் தொடர்ச்சியாகப் பார்க்க முடிகிறது. அடுத்துள்ள மூன்று குறுங்கதைகளில் அதே ஓவியர் எந்தச் சிக்கலும் இல்லாமல் வரைந்த கோடுகளோடு ஒப்பிடவும் முடிகிறது. தனித்தனியாக விற்றிருந்தால் இந்த ஒப்பீடு சாத்தியமே இல்லை.

பின்விளைவுகள்

2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் சந்தை எங்கே சென்றது என்பதைப் பார்த்தால், கொடையாளி விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று ஓரளவு ஊகிக்கலாம். 2011இல் இதே இதழின் நல்ல நிலையிலிருந்த அச்சுப் பிரதி ஒன்று 11 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2021 செப்டம்பரில் மற்றொரு சிறந்த பிரதி 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய நிலையில் ஒரு காமிக்ஸ் இதழுக்குக் கிடைத்த மிக உயர்ந்த விலை அது. 2022 ஜனவரியில், 1984இல் வெளிவந்த வேறோர் இதழிலிருந்து, ஸ்பைடர்மேன் கறுப்பு உடைக்கு மாறும் ஒரே ஒரு மூலப் பக்கம் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பெற்றது. முதல் கதையின் 11 பக்கங்கள் எவ்வளவு பெற்றிருக்கும் என்ற கணக்கை வாசகரிடமே விடலாம்.

உரிமைப் பூசல்களும் ஓயவில்லை. 2009இன் இறுதியில் மார்வெலை டிஸ்னி வாங்கியது. டிட்கோ 2018 ஜூனில் காலமானார். லீ அதே ஆண்டு நவம்பரில். 2021இல் டிட்கோவின் சொத்தை நிர்வகிப்பவர், பதிப்புரிமையை மீட்கும் சட்டப்பிரிவின் கீழ் அறிவிப்பு அனுப்ப, ஓவியர் கூலிக்கு ஒப்பந்தம் செய்து வேலை பார்த்தவரே என்று மார்வெல் வழக்குத் தொடுத்தது. 2023 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. இவ்வளவுக்கும் நடுவில் அந்த 24 அட்டைகள் யாருடைய பேரத்திலும் சேராமல் நூலகத்தில் இருந்தன. ஒரு தனியாரின் பெட்டகத்தில் இருந்திருந்தால் அவையும் இந்தச் சுழலில் இழுக்கப்பட்டிருக்கலாம்.

பதிப்புரிமை நிறுவனத்திடமே இருப்பதால் நூலகம் இவற்றை விரும்பியபடி மறுபதிப்புச் செய்ய இயலாது. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பார்க்க விரும்புவோருக்கு இது உண்மையான தடை. கொடை பொதுமக்களுக்கு உரியது என்று சொன்னாலும், நடைமுறையில் வாஷிங்டனுக்குப் போய் வரக்கூடியவர்களுக்கே அது முழுமையாகக் கிடைக்கிறது.

பெயரின்மை பற்றிய மதிப்பீடு

கொடையாளி பெயரை மறைத்ததை அடக்கத்தின் அடையாளமாக மட்டும் படிப்பவர்கள் உண்டு. அவர் விளம்பரம் தேடவில்லை என்பது உண்மை. ஆனால் மூலப் பக்கங்களின் வரலாற்றில் இருட்டான பகுதியே அவை நிறுவனத்தை விட்டு வெளியேறிய வழிதான். ஒவ்வொரு கைமாற்றமும் பதிவானால்தான், எந்தப் பக்கம் நேர்மையாகப் பரிசளிக்கப்பட்டது, எது களவு போனது என்று வருங்கால ஆய்வாளர் பிரித்தறிய முடியும். இந்தக் கொடையில் அந்தச் சங்கிலி 2008இல் தொடங்குவதுபோலப் பொது அறிவிப்பு நின்றுவிட்டது. இது கொடையாளியின் நேர்மை குறித்த ஐயமன்று; இடையில் பல கைகள் மாறியிருந்தால், கடைசியாக வைத்திருந்தவர் முறையாகவே விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். பெயரைச் சொல்லியிருந்தால் வழக்கு, பத்திரிகைக்காரர், விற்பனையாளர் என்று வரிசையாக வீட்டு வாசலுக்கு வந்திருப்பார்கள். கொடையே நிகழாமலும் போயிருக்கலாம். இரண்டையும் எடைபோட்டால், பெயரின்றி வந்த முழுத் தொகுப்பு, பெயரோடு சிதறிய பக்கங்களைவிட மேலானது. ஆயினும் அதற்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.

இனி இத்தகைய கொடைகளில் மாற வேண்டியவை

பெயரையும் வரலாற்றையும் ஒன்றாகக் கட்டிப்போட வேண்டிய அவசியமில்லை. கொடையாளி எந்த ஆண்டில், எத்தகைய வழியில், எவ்வகை ஆவணத்தோடு பொருளைப் பெற்றார் என்பதை முத்திரையிட்ட உறையில் நூலகத்திடம் ஒப்படைத்து, தம் வாழ்நாளுக்குப் பிறகு இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று நிபந்தனை விதிக்கலாம். தனிப்பட்ட கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பெறும்போது ஆவணக் காப்பகங்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. ஓவியங்களுக்கும் அதைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

வரைந்தவர் உயிரோடிருக்கும்போது, அவருடைய கருத்தை எழுத்தில் கேட்டு, ஒப்புதலோ மறுப்போ மௌனமோ, எது வந்தாலும் அதைக் கொடையின் கோப்பிலேயே சேர்ப்பது நல்லது. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் 1960களில் அட்டைகளைத் திரும்பக் கேட்கும் உரிமைகூட இல்லாமல் வரைந்த தலைமுறைக்கு, கொடை நேரத்திலாவது ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்ற பதிவு இருக்க வேண்டும்.

பதிப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்தோடு கொடையின் தொடக்கத்திலேயே பேசி, ஆய்வுக்கு மட்டும் பயன்படும் உயர்தர மின்னுருவங்களை மற்ற நாடுகளின் நூலகங்களில் பார்க்க அனுமதி பெறுவது மூன்றாவது. பொருள் கைக்கு வந்து செய்தி பரபரப்பாக இருக்கும் சில வாரங்களே அந்தப் பேச்சுக்கு ஏற்ற காலம். நிறுவனத்துக்கும் அப்போது நற்பெயரில் அக்கறை மிகுந்திருக்கும்.

முன்னட்டையின் மூல ஓவியம் இந்த 24 பக்கங்களில் அடங்கவில்லை. உள்பக்கங்கள் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், முன்னட்டையோ அது தொடர்பான வேறு தாள்களோ என்றேனும் யார் கையிலாவது வெளிப்பட்டால், அவை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்காது.